தாய்–மகள் தேநீர் விருந்து: மேசை நாகரிகம் கற்பிக்க விரும்பும் மதுரை அம்மாக்களுக்கு ஒரு வழிகாட்டி

குழந்தைக்கு மேசை நாகரிகம் சொல்லிக் கொடுக்க அன்றாடச் சாப்பாட்டு வேளை ஏற்றதன்று. பள்ளிக்குக் கிளம்பும் அவசரத்திலும், பசியோடு வந்து உட்காரும் இரவிலும், "சத்தம் போட்டு மெல்லாதே", "சிந்தாமல் சாப்பிடு" என்று நாம் சொல்வதெல்லாம் அவளுக்கு ஏச்சாகத்தான் கேட்கும். அதற்கென்றே ஒரு மாலைப் பொழுதை ஒதுக்கி, அவள் வயதுத் தோழிகளையும் அவர்களுடைய அம்மாக்களையும் அழைத்து, கோப்பையும் தட்டும் பலகாரமுமாக ஒரே மேசையில் உட்கார வைத்தால், அதே சொற்களை அவள் விருப்பத்தோடு கேட்டுக்கொள்வாள்.

மதுரையில் இப்படியொரு விருந்தை நடத்த முற்பட்டபோது எனக்கு வழி சொல்ல யாரும் கிடைக்கவில்லை. படிக்கக் கிடைத்த குறிப்புகள் எல்லாம் வேறு நாட்டுச் சமையலறையையும் வேறு நாட்டுத் தட்பவெப்பத்தையும் மனத்தில் வைத்து எழுதியவை. அவற்றை வைத்துக்கொண்டு மண்டபம், பாத்திரம், பலகாரம் என்று ஒவ்வொன்றுக்கும் அலைய வேண்டியிருந்தது. அந்த அலைச்சல் உங்களுக்கு வேண்டாம் என்பதற்காகவே இதை எழுதுகிறேன். கீழே உள்ள கணக்குகள் எல்லாம் எட்டு அம்மாக்களும் எட்டு மகள்களும் சேர்ந்த பதினாறு பேருக்கானவை. வேலையைத் தொடங்க நான்கு வாரம் முன்பே நாள் குறித்துவிடுங்கள்.

1. ஆள் கணக்கை முதலில் முடிவு செய்யுங்கள்

ஏழு முதல் பன்னிரண்டு வயது வரையுள்ள பெண்களை அழையுங்கள். அதற்கும் சிறியவர்கள் கையில் பீங்கான் கோப்பையும் சூடான பானமும் கொடுப்பது பாதுகாப்பன்று. பதின்மூன்று வயதைத் தாண்டியவர்களோ சின்னப் பிள்ளைகளோடு உட்காரக் கூச்சப்படுவார்கள். எட்டு ஜோடிக்கு மேல் போகாதீர்கள். பதினாறு பேர் வரை, மேசையின் ஒரு முனையில் பேசுவது மறுமுனைக்குக் கேட்கும். அதற்கு மேல் போனால் மைக் தேவைப்படும், மைக் வந்துவிட்டால் அது விருந்தாக இராது.

அழைப்பிதழில் "அம்மாவும் மகளும்" என்று மட்டும் எழுதி நிறுத்திவிடாதீர்கள். அம்மாவை இழந்த பெண்ணும், அம்மா வெளியூரிலோ வெளிநாட்டிலோ வேலை பார்க்கப் பாட்டியிடம் வளரும் பெண்ணும் எந்த வகுப்பிலும் இருப்பார்கள். "அம்மா, அல்லது அம்மா ஸ்தானத்தில் உள்ள பாட்டி, அத்தை, பெரியம்மா, சித்தி" என்று ஒரு வரி சேர்த்தால் அந்தக் குழந்தை யாரிடமும் விளக்கம் சொல்ல வேண்டிய நிலை வராது. இந்த ஒரு வரியை எக்காரணம் கொண்டும் விட்டுவிடாதீர்கள்.

நம் ஊரில் விருந்து என்றால் குடும்பமாகப் போவதே வழக்கம். ஆகவே "தம்பியையும் கூட்டிட்டு வரலாமா அக்கா?" என்ற கேள்வி கட்டாயம் வரும். நேரில் கேட்கும்போது மறுக்க நமக்கு மனம் வராது என்பதால், இருவருக்கு மட்டுமே இடம் என்பதை அழைப்பிலேயே தெளிவாக எழுதிவிடுங்கள். அப்படியும் ஒரு பாட்டி துணைக்கு வந்துவிடுவார். அவரைத் திருப்பி அனுப்ப முடியாது, அனுப்பவும் கூடாது. இரண்டு நாற்காலியும் இரண்டு கோப்பையும் கூடுதலாக இருக்கட்டும்.

வருவதை உறுதி செய்வதில் கறாராக இருங்கள். "பார்க்கலாம்", "முடிஞ்சா வர்றேன்" என்ற பதில்களை நம்பிப் பலகாரத்துக்குச் சொல்ல முடியாது. விருந்துக்குப் பத்து நாள் முன்பு ஒவ்வொருவரையும் தொலைபேசியில் அழைத்து, வருகிறார்களா இல்லையா என்று நேரடியாகக் கேட்டு, அப்போதே பங்குத் தொகையையும் வாங்கிக்கொள்ளுங்கள். பணம் கொடுத்தவர்கள் வந்துவிடுவார்கள்.

2. நாளும் நேரமும்

சனிக்கிழமை மாலை நான்கு மணி முதல் ஆறு மணி வரை மிகப் பொருத்தமான நேரம். ஞாயிற்றுக்கிழமை எல்லோருக்கும் விடுமுறையாயிற்றே என்று தோன்றும். ஆனால் ஞாயிறு மாலை நாலரை முதல் ஆறு வரை ராகுகாலம். அதைப் பார்ப்பவர்கள் சங்கடப்படுவார்கள், பார்க்காதவர்கள் வீட்டில் பெரியவர்கள் சங்கடப்படுவார்கள். ஞாயிறுதான் முடியும் என்றால் மூன்றே முக்காலுக்கே எல்லோரும் வந்து உட்காரும்படி அழையுங்கள். சனிக்கிழமையில் முட்டை, அசைவம் தொடாத வீடுகள் இங்கே நிறைய உண்டு. ஆகவே கேக் முட்டை சேர்க்காததாக இருக்க வேண்டும்.

மார்ச், ஏப்ரல் மாதங்களில் தேர்வு. அதை அடுத்துச் சித்திரைத் திருவிழா. அழகர் ஆற்றில் இறங்கும் நாட்களையொட்டித் தல்லாகுளம், கோரிப்பாளையம் பக்கம் போக்குவரத்தை மாற்றிவிடுவார்கள் என்பதால், யாரும் குறித்த நேரத்துக்கு வந்து சேர முடியாது. மே மாத வெயிலில் மாலை நான்கு மணிக்குச் சூடான தேநீரை யாரும் விரும்பிக் குடிக்கப் போவதில்லை. அக்டோபர், நவம்பர் மாதங்களில் மாலை மழை பெய்யும்; மொட்டை மாடியை நம்பாதீர்கள். ஜூலையிலிருந்து செப்டம்பர் வரையும், பொங்கல் கழிந்து பிப்ரவரி முடியும் வரையும் நல்ல காலம். முகூர்த்த நாளா என்று நாட்காட்டியில் ஒருமுறை பார்த்துவிடுங்கள். முகூர்த்த நாளில் மண்டபமும் கிடைக்காது, பாத்திரமும் கிடைக்காது, சமைப்பவரும் கிடைக்க மாட்டார், மல்லிகைப் பூ விலையும் ஏறிவிடும்.

இன்னொரு காரணத்துக்காகவும் நான்கு மணியை விடாப்பிடியாகச் சொல்கிறேன். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் (ஐ.சி.எம்.ஆர்.) தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2024-ல் வெளியிட்ட உணவு வழிகாட்டுதல்கள், சாப்பாட்டுக்கு ஒரு மணி நேரம் முன்பும் பின்பும் தேநீர், காபியைத் தவிர்க்கச் சொல்கின்றன; தேநீரில் உள்ள டானின், உணவிலுள்ள இரும்புச்சத்து உடலில் சேர்வதைத் தடுக்கும் என்பதே காரணம். ஒரு மணிக்கு மதிய உணவு, நான்கு மணிக்குத் தேநீர், எட்டு மணிக்கு இரவு உணவு என்று வைத்தால் இரண்டு பக்கமும் போதிய இடைவெளி கிடைக்கிறது.

3. இடமும் அதற்கான காகிதங்களும்

நான்கு ஜோடி என்றால் வீட்டுக் கூடம் போதும். எட்டு ஜோடிக்கு அடுக்குமாடிக் குடியிருப்பின் பொது மண்டபமே நல்லது. அண்ணா நகர், கே.கே. நகர் போன்ற பகுதிகளில் உள்ள குடியிருப்புகள் பலவற்றில் சங்கமே மண்டபத்தை வாடகைக்குத் தருகிறது. அங்கே குடியிருக்கும் ஒருவர் பெயரில் விண்ணப்பிப்பது எளிது. மண்டபத்தை நேரில் பார்க்கும்போது நான்கு விஷயங்களைச் சோதியுங்கள்: மின்விசிறிகள் சுற்றுகின்றனவா, பக்கத்தில் அடுப்பு வைக்க இடம் இருக்கிறதா, கை கழுவும் குழாய் மேசைக்கு எத்தனை தூரத்தில் இருக்கிறது, கழிப்பறையின் தாழ்ப்பாள் வேலை செய்கிறதா. மேசையின் உயரம் நாற்காலிக்குப் பொருந்துகிறதா என்றும் ஒரு குழந்தையை உட்கார வைத்துப் பாருங்கள். நெஞ்சு உயரத்துக்கு மேசை இருந்தால் எந்தக் குழந்தையாலும் சிந்தாமல் சாப்பிட முடியாது. தேவையானால் நாற்காலியில் ஒரு கனத்த தலையணையைப் போட்டுக்கொள்ளலாம்.

எழுத்தில் இருக்க வேண்டியவை இவை:

மண்டபத்துக்கான விண்ணப்பக் கடிதம் ஒன்று, முன்பணத்துக்கும் காப்புத்தொகைக்கும் தனித்தனி ரசீது. ரசீதில் தேதியோடு நேரமும் இருக்க வேண்டும். எங்களுக்கு மண்டபம் தந்தவர்கள் தேதியை மட்டும் எழுதிக் கொடுத்துவிட்டு, அதே நாள் பிற்பகலை ஒரு வளைகாப்புக்கும் கொடுத்திருந்தார்கள். நாங்கள் மேசை விரிப்புகளோடு போய் நின்றபோது உள்ளே பந்தி நடந்துகொண்டிருந்தது. "பிற்பகல் 2.30 முதல் மாலை 6.30 வரை" என்று எழுதச் சொல்லி, அதன் கீழ் கையொப்பம் வாங்குங்கள். மேசை போடவும் ஒழுங்குபடுத்தவும் ஆகும் நேரத்தையும் சேர்த்தே கேட்க வேண்டும். விருந்து இரண்டு மணி நேரம் என்றால் மண்டபம் நான்கு மணி நேரம் வேண்டும்.

ஆதார் நகல் கேட்டால், கடைசி நான்கு இலக்கங்கள் மட்டும் தெரியும்படியான மறைக்கப்பட்ட ஆதாரை ஆதாரை வழங்கும் யு.ஐ.டி.ஏ.ஐ. ஆணையத்தின் தளத்திலிருந்து இறக்கி, அதன்மேல் எதற்காகக் கொடுக்கிறீர்கள் என்பதையும் தேதியையும் எழுதிக் கொடுங்கள்.

பலகாரத்தை வெளியில் சொல்லிச் செய்வதாக இருந்தால், செய்பவருடைய எஃப்.எஸ்.எஸ்.ஏ.ஐ. (மத்திய உணவுப் பாதுகாப்பு ஆணையம்) பதிவு எண்ணைக் கேட்டு வாங்குங்கள். அது பதினான்கு இலக்கம் கொண்டது. பிறர் வீட்டுக் குழந்தைகளுக்கு உணவு கொடுக்கிறோம் என்பதால் இதைக் கேட்கத் தயங்க வேண்டியதில்லை.

ஒவ்வொரு அம்மாவிடமும் ஒரு தாளில் மூன்று தகவல்களை எழுதி வாங்குங்கள்: குழந்தைக்கு ஒவ்வாத உணவு, அவசரத்துக்கு அழைக்க வேண்டிய எண், குழந்தையின் படத்தை எடுத்துப் பகிர்வதற்குச் சம்மதமா இல்லையா. வேர்க்கடலை, முந்திரி, பால் ஆகியவற்றில் ஒன்று ஒத்துக்கொள்ளாத குழந்தை இருக்கக்கூடும். படத்துக்குச் சம்மதிக்காத ஒருவர் இருந்தாலும், அந்தக் குழந்தை இல்லாத படங்களை மட்டுமே பகிர வேண்டும்.

உணவகத்திலோ ஓட்டலிலோ நடத்துவதாக இருந்தால் ஒரு ஆளுக்கு எவ்வளவு என்பதை ஜி.எஸ்.டி. சேர்த்துக் கேளுங்கள். சேவைக் கட்டணத்தைத் தானாகவே பில்லில் சேர்க்கக் கூடாது என்று மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2022 ஜூலையில் வழிகாட்டுதல் வெளியிட்டிருக்கிறது. அப்படிச் சேர்த்திருந்தால் நீக்கச் சொல்லலாம். என் எண்ணத்தில் முதல் விருந்துக்கு ஓட்டல் வேண்டாம். பரிமாறுபவர்கள் எல்லாவற்றையும் செய்துவிடுவதால், குழந்தை கற்றுக்கொள்ள அங்கே வேலை மிஞ்சுவதில்லை.

4. செலவு

எங்களுக்கு ஆன செலவை அப்படியே தருகிறேன். இடத்துக்கு இடம் கூடும், குறையும். ஆனால் எந்தத் தலைப்பில் பணம் போகும் என்பது தெரியும். மண்டப வாடகை 1,500 ரூபாய். கோப்பை, சாசர், சிறு தட்டு, ஸ்பூன், ஃபோர்க் சேர்ந்த வாடகை ஒரு செட்டுக்கு 25 வீதம் 400 ரூபாய். பலகாரம் ஆளுக்கு 150 வீதம் 2,400 ரூபாய். டீத்தூள், பால், சர்க்கரை, பனங்கற்கண்டு, தண்ணீர் எல்லாம் சேர்த்து 500 ரூபாய். நாப்கின் தைக்க 240, பூவுக்கு 150, விருந்தாளியாக அல்லாமல் வேலைக்கு உதவ வந்த அம்மாவுக்கு 500. ஆக மொத்தம் 5,690 ரூபாய். ஒரு ஜோடிக்கு 750 ரூபாய் வாங்கினோம்.

இதைத் தவிர, திரும்பி வரக்கூடிய காப்புத்தொகையாக மண்டபத்துக்கு 2,000 ரூபாயைக் கையில் வைத்திருக்க வேண்டும். உடைந்த கோப்பைக்குக் கடைக்காரர் என்ன விலை போடுவார் என்பதையும் முன்கூட்டியே கேட்டுக்கொள்ளுங்கள். குழந்தைகள் கையில் ஒன்றாவது உடையும். அந்தத் தொகையைப் பொதுச் செலவில் சேர்த்துவிட வேண்டுமேயன்றி, உடைத்த குழந்தையின் அம்மாவிடம் வாங்கக் கூடாது.

மூன்றடுக்குத் தட்டுக்கும் சரிகை வைத்த விரிப்புக்கும் செலவழிக்க வேண்டியதே இல்லை. இரண்டு அளவுத் தட்டுகளை மேசை நடுவில் வைத்தாலே போதும்.

5. பாத்திரமும் துணியும்

வாடகைப் பாத்திரக் கடைகளில் எவர்சில்வரும் மெலமைனும்தான் முதலில் காட்டுவார்கள். பீங்கான் கோப்பையே வேண்டும் என்று கேளுங்கள். சமையல் ஒப்பந்தக்காரர்களிடம் இருக்கும். எடுக்கும்போது ஒவ்வொரு கோப்பையின் விளிம்பையும் விரலால் தடவிப் பாருங்கள். எங்களுக்குக் கட்டிக் கொடுத்த பெட்டியில் விளிம்பு தெறித்த கோப்பைகள் கலந்திருந்தன. அவை உதட்டைக் கிழிக்கும் என்பதோடு, திருப்பிக் கொடுக்கும்போது நம் கணக்கிலும் ஏறிவிடும். பழுதுள்ளதை அங்கேயே மாற்றி, எண்ணிக்கையை ரசீதில் எழுதச் சொல்லி, ஒரு படமும் எடுத்துக்கொள்ளுங்கள்.

டீ பாட் கிடைப்பதுதான் கடினம். அதற்கு வழி நம் வீடுகளிலேயே இருக்கிறது. கல்யாணப் பரிசாக வந்து ஷோகேஸில் பல வருடமாக உட்கார்ந்திருக்கும் டீ செட் எட்டு வீட்டில் நான்கு வீட்டிலாவது இருக்கும். பாட்டை மட்டும் இரவல் வாங்குங்கள்; கோப்பைகளை வாங்காதீர்கள். பிறருடைய கல்யாணப் பரிசு உடைந்தால் அதற்கு ஈடு கட்ட முடியாது. இரண்டு பெரிய பாட் அம்மாக்களின் தேநீருக்கு, இரண்டு சிறிய பாட் மகள்களின் பாலுக்கு.

நாப்கினுக்குக் காகிதம் போதாது. காகிதம் மடியில் நிற்காது. பட்டுப் பாவாடையில் வழுக்கிக்கொண்டே போகும். ஒரு பழைய சுங்குடிப் புடவையை 45 சென்டிமீட்டர் சதுரங்களாக வெட்டினால், அகலத்தில் இரண்டும் நீளத்தில் பன்னிரண்டுமாக இருபத்துநான்கு கிடைக்கும். ஓரம் மடித்துத் தைக்கத் தெருமுனைத் தையற்காரரே போதும். ஆனால் புதுச் சுங்குடியாக இருந்தால் சாயம் இறங்கும். உப்புப் போட்ட தண்ணீரில் ஓர் இரவு ஊற வைத்து, தனியாக இரண்டு முறை அலசிக் காய வைத்த பிறகே தைக்கக் கொடுங்கள். இல்லையென்றால் சாயம் குழந்தையின் பாவாடையில் ஏறிவிடும். இதற்கு ஒரு வாரம் முன்பே ஆரம்பிக்க வேண்டும்.

பூவைப் பற்றி ஒரு சொல். மதுரையில் விருந்து வைத்துவிட்டு மல்லிகை இல்லாமல் இருக்க முடியாது. ஆனால் மேசை நிறைய மல்லிகை இருந்தால் தேநீரின் மணம் எழாது. வருகிற எல்லோருக்கும் தலையில் வைத்துக்கொள்ளப் பூக் கொடுத்துவிட்டு, மேசையில் தாழ்ந்த கிண்ணங்களில் சம்பங்கியோ செவ்வந்தியோ கொஞ்சமாக வையுங்கள். எதிரில் இருப்பவர் முகத்தை மறைக்கும் உயரத்தில் எதுவும் வேண்டாம்.

6. பலகாரமும் தேநீரும்

பலகாரத்தைச் சுவைக்காக மட்டும் தேர்ந்தெடுக்காமல், ஒவ்வொன்றும் ஒரு பழக்கத்தைக் கற்றுக் கொடுக்கும்படி தேர்ந்தெடுங்கள். வெள்ளரிக்காய் சாண்ட்விச் விரலால் எடுத்துக் கடித்துச் சாப்பிட, ரவா கேசரி ஸ்பூனுக்கு, கேக் ஃபோர்க்குக்கு; தொட்டுக்கொள்ளும் சட்னியை எப்படிக் கையாள்வது என்பதற்குக் குழிப்பணியாரம்; சத்தமில்லாமல் கடிப்பதற்கு முறுக்கு. இந்த ஐந்துக்கு மேல் எதுவும் வேண்டாம். சட்னியைப் பொதுக் கிண்ணத்தில் வைக்காமல் ஆளுக்கொரு சிறு கிண்ணத்தில் வைத்துவிடுங்கள்.

ஒரு சாண்ட்விச்சை நான்கு துண்டாக வெட்டி ஆளுக்கு மூன்று துண்டு என்றால், பன்னிரண்டு சாண்ட்விச்சுக்கு இருபத்துநான்கு ரொட்டித் துண்டுகள், அதாவது இரண்டு பாக்கெட் போதும். வெள்ளரிக்காயை நறுக்கி உப்புத் தூவி அரை மணி நேரம் வைத்து, விட்ட நீரைத் துணியில் ஒற்றி எடுத்த பின்பே உள்ளே வையுங்கள். இரு ரொட்டித் துண்டுகளின் உட்பக்கத்திலும் வெண்ணெய் தடவினால் ஈரம் இறங்காது. மேசைக்கு வரும்வரை ஈரத் துணியால் மூடி வையுங்கள். மின்விசிறிக் காற்றில் ரொட்டி கால் மணி நேரத்தில் காய்ந்துவிடும்.

தேநீருக்கு நாம் வீட்டில் கொதிக்க வைக்கும் டஸ்ட் டீத்தூள் ஒத்துவராது. டீ பாட்டுக்குள் ஊற வைத்தால் அது வடிகட்டியை அடைத்துக்கொள்ளும், கசக்கவும் செய்யும். நீலகிரி இலைத் தேயிலை என்று கேட்டு வாங்குங்கள். அம்மாக்களுக்கு ஆளுக்கு இரண்டு கோப்பை, கோப்பைக்கு இரண்டரை கிராம் என்றால் 40 கிராம் ஆகும். 50 கிராம் வாங்கினால் போதும். பாட்டை முதலில் வெந்நீர் ஊற்றிச் சூடாக்கிக் கொட்டிவிட்டு, தேயிலையைப் போட்டு, தளதளவென்று கொதித்த நீரை ஊற்றி நான்கு நிமிடம் மூடி வைத்து, வடிகட்டி ஊற்றுங்கள். பாலைச் சூடாகத் தனி ஜாடியில் வையுங்கள். ஆறின பாலை ஊற்றினால் நம்மவர்களுக்குப் பிடிக்காது.

மகள்களுக்குத் தேநீர் வேண்டாம். பனங்கற்கண்டு போட்ட பாலை வெதுவெதுப்பாக அவர்களுடைய சிறிய டீ பாட்டுக்குள் ஊற்றி வையுங்கள். அதையே அவர்கள் தேநீரைப் போல ஊற்றி, கலக்கி, குடித்துப் பழகலாம். பாட்டைப் பாதிக்கு மேல் நிரப்பாதீர்கள்; நிறைந்த பாட்டைத் தூக்கும் வலு அந்தக் கைகளுக்கு இராது. இரண்டுக்கும் சேர்த்து அரை லிட்டர் ஆவின் பாக்கெட் ஐந்து வாங்குங்கள்.

7. மேசையில் சொல்லிக் கொடுப்பது

வந்தவுடன் கை கழுவுதல். பிறகு அவரவர் பெயர் எழுதிய இடத்தில் போய் நிற்பது; விருந்து கொடுப்பவர் உட்காரச் சொன்ன பிறகு உட்காருவது. நாப்கினை இரண்டாக மடித்து, மடிப்பு வயிற்றுப் பக்கம் இருக்கும்படி மடியில் விரிப்பது. வாயை ஒற்றுவதற்கு அதன் ஓரம். முகத்தைத் துடைக்க அதைப் பயன்படுத்துவதில்லை. நடுவில் எழுந்து போக நேர்ந்தால் நாற்காலியிலும், எல்லாம் முடிந்து எழுந்தால் தட்டின் இடப் பக்கத்திலும் வைப்பது.

கோப்பையில்தான் நேரம் எடுத்துக்கொள்ள வேண்டும். எச்சில் படாமல் அண்ணாந்து குடிக்க வேண்டும் என்று நாமே பிறந்ததிலிருந்து பழக்கியிருக்கிறோம். இப்போது உதட்டில் வைத்துக் குடி என்கிறோம். குழந்தை விழிப்பது நியாயமே. பலருக்குப் பொதுவான சொம்பும் டம்ளரும் எச்சில் படக் கூடாதவை, இந்தக் கோப்பை உனக்கு மட்டுமே உரியது, வேறு யாரும் இதில் குடிக்கப் போவதில்லை என்று காரணத்தோடு சொல்லுங்கள்; உடனே புரிந்துகொள்வாள். இரண்டு வழக்கமும் அடுத்தவரை நினைத்துச் செய்வதுதான் என்பதை இந்த இடத்தில் சொல்லிவிட்டால், மற்ற விதிகள் எல்லாம் அதிலிருந்து தாமாகவே வந்துவிடும்.

கோப்பையின் பிடியைக் கட்டை விரலாலும் ஆட்காட்டி விரலாலும் பிடித்து, நடுவிரலால் அடியில் தாங்கினால் போதும். சுண்டு விரலை நீட்ட வேண்டியதில்லை. சர்க்கரையைக் கலக்கும்போது ஸ்பூனைச் சுற்றாமல், முன்னும் பின்னுமாக மெல்ல அசைத்தால் கோப்பையில் மோதாது, சத்தம் வராது. கலக்கிய ஸ்பூனைக் கோப்பைக்குள் விடாமல், சாசரில் கோப்பைக்குப் பின்னால் வைக்க வேண்டும். உயரமான மேசையில் உட்கார்ந்திருந்தால் கோப்பையை மட்டும் எடுப்பது. சோபாவில் உட்கார்ந்திருந்தால் சாசரையும் இடக் கையில் எடுத்துக்கொள்வது. சூடாக இருந்தால் ஊதாமல் காத்திருப்பது. தாத்தா சாசரில் ஊற்றிக் குடிப்பதைக் குழந்தை பார்த்திருப்பாள். அது அவர் வழக்கம், அதைப் பார்த்துச் சிரிக்கக் கூடாது, இந்த மேசையில் நாம் கோப்பையிலேயே குடிக்கிறோம் என்று சொல்லிக் கடந்துவிடுங்கள். பிறர் சாப்பிடும் முறையைக் கண்டு முகம் சுளிக்காமலிருப்பது, ஃபோர்க் பிடிப்பதைவிடப் பெரிய நாகரிகம்.

பொதுத் தட்டிலிருந்து எடுப்பது அடுத்தது. தொட்டதை எடுக்க வேண்டும், எடுத்ததைத் திரும்ப வைக்கக் கூடாது. தனக்கு அருகில் இருப்பதை எடுக்க வேண்டும். முதலில் தன் தட்டுக்கு, பிறகுதான் வாய்க்கு. எட்டாத தட்டுக்கு மேசை குறுக்கே கையை நீட்டாமல், "அத்தை, அந்தத் தட்டைக் கொஞ்சம் இங்கிட்டு நகர்த்தித் தர்றீங்களா?" என்று கேட்கட்டும். இப்படிக் கேட்பதற்கு வெட்கப்படும் குழந்தைகளே அதிகம். ஆகவே சாண்ட்விச் தட்டை வேண்டுமென்றே தூரமாக வைத்து, ஒவ்வொருவரும் ஒருமுறையாவது கேட்கும்படி செய்யுங்கள். தட்டை நகர்த்தித் தருபவர் வலக் கையாலோ இரு கையாலோ தர வேண்டும். கத்தியோடு சேர்த்துப் பயன்படுத்தும்போது ஃபோர்க்கை இடக் கையில் பிடிப்பார்கள் என்பதையும் அப்போதே சொல்லிவிடுங்கள். இல்லையென்றால் இடக் கையால் சாப்பிடலாமா என்று குழம்புவார்கள். இன்றைய கேக்குக்குக் கத்தி வேண்டாம் என்பதால் வலக் கையிலேயே ஃபோர்க்கைப் பிடிக்கலாம்.

இலைச் சாப்பாட்டில் நாம் இனிப்பைத் தொட்டுத் தொடங்குவோம். தேநீர் மேசையில் சாண்ட்விச், பணியாரம் போன்ற காரம் முதலில், கேசரியும் கேக்கும் கடைசியில். இந்த வேறுபாட்டைச் சொன்னால் குழந்தைகள் ஆர்வமாகக் கேட்பார்கள். ஆனால் இலையில் சாப்பிடும் முறையை இதே நாளில் சேர்த்துக் கற்பிக்க முயலாதீர்கள். அதற்குத் தனியாக ஒரு மதிய விருந்தே வைக்கலாம்.

வேண்டாம் என்று சொல்வதும் ஒரு பாடம். "போதும் அத்தை, நல்லா இருந்துச்சு" என்று சொல்லப் பழக்குங்கள். அதோடு, ஒருமுறை போதும் என்றவளை "இன்னும் ஒண்ணே ஒண்ணு" என்று வற்புறுத்த வேண்டாம் என அம்மாக்களையும் கேட்டுக்கொள்ளுங்கள். நம் உபசரிப்பில் ஊறிப்போன பழக்கம் அது. குழந்தை தன் வயிற்றின் அளவை அறிந்து சொல்லும் சொல்லுக்கு இந்த மேசையிலாவது மதிப்பு இருக்கட்டும்.

இரண்டாவது சுற்றில் மகள் அம்மாவுக்குப் பரிமாற வேண்டும். "சர்க்கரை எத்தனை ஸ்பூன் அம்மா?" என்று கேட்டு, கலக்கி, வலப் பக்கத்தில் வைக்க வேண்டும். பத்து வயதுக்குக் கீழ்ப்பட்டவர்கள் சூடான தேநீரை ஊற்றக் கூடாது. தேநீரைப் பெரியவர் ஊற்ற, பாலும் சர்க்கரையும் குழந்தை சேர்க்கலாம். எங்கள் மேசையில் ஒரு பெண், அம்மாவுக்குச் சர்க்கரை எவ்வளவு என்று கேட்டபோதுதான், அவர் சர்க்கரை போடாமல் குடிப்பவர் என்பதை அறிந்துகொண்டாள். அதன் பிறகு அந்தக் கோப்பையை அவள் இரண்டு கையாலும் பிடித்துக் கொண்டுபோய் வைத்த விதத்தில் யாரும் சொல்லிக் கொடுத்தது எதுவும் இல்லை.

8. திருத்துவதற்கு ஒருவர் மட்டும்

இந்த வழிகாட்டியில் ஒன்றை மட்டும் கடைப்பிடிப்பீர்கள் என்றால், இதைக் கடைப்பிடியுங்கள். மேசையில் எந்த அம்மாவும் தன் மகளைத் திருத்தக் கூடாது. நடத்துபவர் ஒருவர் மட்டுமே சொல்ல வேண்டும், அவரும் பெயர் சொல்லாமல், எல்லோருக்கும் பொதுவாக, "இப்போது ஒருமுறை எல்லோரும் நம் ஸ்பூன் எங்கே இருக்கிறது என்று பார்ப்போமா?" என்பது போலச் சொல்ல வேண்டும். தோழிகள் முன்னால் அம்மா கண்ணை உருட்டினால் குழந்தை அதன் பிறகு எதையும் கற்றுக்கொள்ள மாட்டாள். எப்போது முடியும் என்றுதான் பார்த்துக்கொண்டிருப்பாள்.

இதை அம்மாக்கள் குழுவில் மூன்று நாள் முன்பே எழுதி அனுப்புங்கள்; வந்த பிறகு சொன்னால் மனத்தாங்கல் ஆகும். அவர்களும் மாணவிகளாகவே உட்காருகிறார்கள் என்பதையும் சேர்த்து எழுதுங்கள். நம்மில் பலருக்கும் ஃபோர்க் பிடிப்பதில் தயக்கம் உண்டு. அம்மா தயங்கி, கேட்டுத் தெரிந்துகொள்வதைப் பார்க்கும் மகளுக்குத் தன் தயக்கம் போய்விடுகிறது. கைப்பேசிகளை வாசலில் ஒரு கூடையில் போட்டுவிட்டு வரும் விதியும் அம்மாக்களிலிருந்தே தொடங்க வேண்டும்; அவசர அழைப்புக்கு நடத்துபவரின் எண்ணை வீட்டில் கொடுத்து வரச் சொல்லுங்கள்.

"பொம்பளப் புள்ள அடக்கமா உட்காரு" என்ற பேச்சு யாரிடமிருந்தாவது வரும். அதை மென்மையாக நிறுத்திவிடுங்கள். இங்கே கற்பிப்பது பெண்ணுக்கு மட்டும் உரிய அடக்கம் அன்று. மேசையில் உட்காரும் யாருக்கும் உரிய பண்பு. பையன்களுக்கும் இதே பாடம் வேண்டும் என்பதால், அடுத்து அவர்களுக்கும் ஒரு நாள் வையுங்கள்.

பால் கொட்டும், கோப்பை விழும். அப்போது செய்ய வேண்டியதையும் முன்கூட்டியே வரிசையாகச் சொல்லி வையுங்கள்: கையை எடுத்துவிட வேண்டும், பக்கத்தில் இருப்பவரிடம் மன்னிப்புக் கேட்க வேண்டும், நாப்கினை மேலே போட வேண்டும், உதவிக்கு வந்த அம்மாவை அழைக்க வேண்டும். உடைந்த பீங்கானைக் குழந்தைகள் தொடக் கூடாது. மற்றவர்கள் பேச்சைத் தொடர வேண்டும். எல்லோரும் திரும்பிப் பார்ப்பதுதான் அவளை அழ வைக்கும்.

9. முடிந்த பிறகு

ஐந்தே முக்காலுக்குப் பரிமாறுவதை நிறுத்திவிடுங்கள். ஒவ்வொரு பெண்ணும் நடத்தியவரிடமும், பலகாரம் செய்தவரிடமும், உதவிக்கு வந்த அம்மாவிடமும் தனித்தனியே நன்றி சொல்லி, "போய்ட்டு வர்றேன்" என்று விடைபெற வேண்டும். உதவிக்கு வந்தவரை விட்டுவிடக் கூடாது. அவரும் மேசையில் உட்கார்ந்து ஒரு கோப்பை தேநீர் குடித்துவிட்டே போகட்டும்.

கோப்பைகளைச் சூடு ஆறும் முன் கழுவினால் கறை படியாது. படிந்திருந்தால் சமையல் சோடாவை ஈரத் துணியில் தொட்டுத் தேய்த்தால் போய்விடும். அன்றிரவே எண்ணிப் பெட்டியில் அடுக்கி, மறுநாள் காலையிலேயே கடையில் கொடுத்துவிட்டு, ரசீதில் "திரும்பப் பெறப்பட்டது" என்று எழுதி வாங்குங்கள். ஒரு நாள் தள்ளினால் இரண்டாம் நாள் வாடகை கேட்பார்கள். மண்டபத்தைப் பெருக்கி, விளக்கு, விசிறி எல்லாம் சரியாக இருப்பதைச் சங்கத்துக்காரர் ஒருவரை வைத்துக்கொண்டே பார்த்து, காப்புத்தொகையை அப்போதே கேளுங்கள். நாளைக்கு வாருங்கள் என்றால், யாரிடம், எத்தனை மணிக்கு என்று ரசீதின் பின்புறம் எழுதி வாங்குங்கள்.

நாப்கின்களை அவரவருக்கே கொடுத்து அனுப்பிவிடுங்கள். செலவுப் பில்களைப் படம் எடுத்து, கணக்கோடு சேர்த்து அம்மாக்கள் குழுவில் போடுங்கள். எங்களுக்கு மீதி 310 ரூபாய் வந்தது. எட்டாகப் பிரித்தால் ஜோடிக்கு 39 ரூபாய்கூட வராது. திருப்பி அனுப்ப வேண்டாம், அடுத்த முறைக்கு டீ பாட் வாங்க வைத்துக்கொள்ளலாம் என்று எல்லோரும் சம்மதித்ததையும் குழுவிலேயே எழுதி வாங்கிக்கொண்டோம்.